சிறு பாய்மரப் படகுக்குப் பேரிங் கப்பி: எதை வாங்குவது, எப்படி வைத்துக் காப்பது

என் படகுக்கு நான் முதலில் செய்த பேரிங் கப்பி ஒன்பது நாள் ஓடியது. ஹார்ட்வேர் கடையில் 608 பேரிங் நான்கு வாங்கி, லேத் பட்டறையில் நைலான் உருளை கடைந்து உள்ளே பொருத்தினேன். விரலால் சுண்டினால் விசிறி மாதிரி சுற்றியது. பெருமை தாங்கவில்லை. இரண்டு முறை கடலுக்குப் போய் வந்த பிறகு ஒரு வாரம் கொட்டகையில் கிடந்தது. அடுத்த ஞாயிறு எடுத்துப் பார்த்தால் தகட்டு மூடியின் ஓரத்தில் டீக்கறை மாதிரி ஒரு வளையம். சுற்றினால் மண்ணை அரைக்கிற சத்தம், பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. மூடியைப் பெயர்த்தேன். ஏழு குண்டும் துருவில் ஒன்றோடொன்று ஒட்டி, தேன் மிட்டாய் மாதிரி ஒரே கட்டியாக இருந்தன.

தப்பு பேரிங் மேல் இல்லை. 608, 6201 எல்லாம் மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் செய்யப்படுபவை. உள்ளே இருப்பது குரோம் எஃகு, மேலே கிரீஸ். இரண்டு பக்கமும் உள்ள தகட்டு மூடி தூசியைத் தடுக்கும், உப்புத் தண்ணீரை ஒன்றும் செய்யாது. கடலுக்கு வேறு வகைக் கப்பி வேண்டும், அதுவும் எல்லா இடத்துக்கும் வேண்டியதில்லை என்பதைக் காசு செலவழித்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

என்னுடையது 14 அடி ஃபைபர் படகு. பெரிய பாய் ஏழு சதுர மீட்டர், முன்னால் ஜிப் என்ற சின்னப் பாய். புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்றில் வைத்திருக்கிறேன், காற்று ஒத்துழைத்தால் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கு. லேசர், ஆப்டிமிஸ்ட் மாதிரி சின்னப் பாய்ப்படகு வைத்திருப்பவர்களுக்கும், பிளைவுட்டில் தானே படகு கட்டியவர்களுக்கும் கீழே சொல்வது பொருந்தும். கேட்டலாக்கில் பிளாக் என்று போட்டிருப்பதைத்தான் கப்பி என்கிறேன். நடுவில் சுற்றுவது உருளை, இரு பக்கமும் உள்ளவை கன்னத் தகடுகள்.

முதல் வேலை: கயிறுகளை எண்ணுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் படகைக் கரையிலேயே நிறுத்திப் பாய் ஏற்றுங்கள். ஒரு தாளில் எல்லாக் கயிறுகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு கேள்விக்குப் பதில் போடுங்கள். சுமை இருக்கும்போது இந்தக் கயிறு ஓடுகிறதா, நிற்கிறதா?

பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான மெயின்ஷீட் ஓடும். காற்று வேகம் மாறுகிற ஒவ்வொரு நொடியும் அதை இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருப்போம். ஜிப்பைப் பிடிக்கும் ஜிப் ஷீட் ஓடும். டிராவலர், அதாவது மெயின்ஷீட்டின் அடியைப் படகின் குறுக்கே நகர்த்தும் வண்டி, இருந்தால் அதன் கயிறும் ஓடும். பாயை மேலே ஏற்றும் ஹால்யார்ட் அப்படியில்லை. காலையில் ஒரு முறை ஏற்றிக் கட்டினால் இறக்கும் வரை அதே இடத்தில் முழு இறுக்கத்தில் நிற்கும். பாயின் வடிவத்தைத் திருத்தும் கிக்கர், கன்னிங்ஹாம், அவுட்ஹால் இவை நடு ரகம். எப்போதாவது ஒரு சாண் நகரும்.

ஓடும் கயிற்றுக்குத்தான் பேரிங் கப்பி. நிற்கும் கயிற்றுக்கு அது வீண் செலவு மட்டுமல்ல, கெடுதலும்கூட. பிளாஸ்டிக் குண்டுகள் மேல் பெரிய சுமை மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால், நம் ஊர் வெயிலில், குண்டின் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். அப்புறம் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடுக்கல் வரும். ஹால்யார்டுக்குக் குண்டு இல்லாத சாதா அச்சு உருளை போதும். பாய்மர உச்சியில் இருப்பது அதுதான் என்றால் மாற்றாதீர்கள்.

பேரிங்கால் எவ்வளவு லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மெயின்ஷீட் நான்கு உருளைகளைச் சுற்றி வருகிறது என்று வையுங்கள். சாதா உருளை ஒவ்வொன்றும் நூற்றுக்குப் பத்து தின்றுவிடுகிறது என்றால், நீங்கள் இழுத்த பலத்தில் கடைசியில் போய்ச் சேர்வது 66 பங்குதான். உருளைக்கு மூன்று மட்டும் தின்றால் 88 பங்கு சேரும். ஆனால் உண்மையான லாபம் இழுப்பதில் தெரியாது, விடுவதில் தெரியும். திடீர்க் காற்று அடித்துப் படகு சாயும்போது கயிற்றைக் கைவிட்டால் பூம், அதாவது பாயின் அடியில் உள்ள கட்டை, உடனே வெளியே ஓட வேண்டும். உராய்வு அதிகமான கப்பியில் கயிறு யோசித்து யோசித்துப் போகும். அதற்குள் நீங்கள் தண்ணீரில்.

சுமை எவ்வளவு?

ஏழு சதுர மீட்டர் பாயில் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) காற்று ஏறக்குறைய 30 கிலோ அழுத்தம் கொடுக்கும். காற்று இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு, அதாவது 30 நாட்டில் 120 கிலோ. மே மாதப் பிற்பகல் கடற்காற்றை மட்டும் மனத்தில் வைத்துக் கப்பி வாங்கியவர் வாடைக் காலத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான். இது பாயின் மேல் வரும் அழுத்தம். ஷீட்டில் வருவது, அதைப் பூமில் எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பூமின் நுனியில் கட்டினால் குறைவு, நடுவில் கட்டினால் சுமார் இரட்டிப்பு. பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் படாரென்று அடிக்கும்போது வரும் உதறல் தனி.

கப்பியின் மேல் வருவது கயிற்றின் சுமை மட்டுமல்ல, கயிறு எவ்வளவு வளைகிறது என்பதும் சேர்ந்தது. கயிறு போய் அப்படியே திரும்பி வந்தால் கப்பிக்குக் கயிற்றைப் போல் இரண்டு மடங்கு. செங்கோணமாகத் திரும்பினால் 1.4 மடங்கு. 60 டிகிரி திரும்பினால் சமம். 30 டிகிரிதான் என்றால் பாதி. ஆகவே பூமின் கீழே கயிற்றை லேசாகத் தாங்கிப் பிடிக்கும் கப்பி சின்னதாக இருக்கலாம், படகின் தளத்தில் உள்ள கப்பி அப்படி இருக்கக் கூடாது. நானே இரண்டுக்கும் ஒரே அளவு வாங்கினேன். சின்னது போதுமான இடத்தில் பெரியது, பெரியது வேண்டிய இடத்தில் சின்னது.

கேட்டலாக்கில் இரண்டு எண் இருக்கும். ஒன்று வேலைச் சுமை, மற்றது உடையும் சுமை. உடையும் சுமை பெரும்பாலும் வேலைச் சுமையைப் போல் இரு மடங்கு. இணையக் கடைகளில் பெரிய எழுத்தில் போடுவது பெரிய எண்ணைத்தான். நீங்கள் பார்க்க வேண்டியது சின்ன எண். 14 அடிப் படகின் மெயின்ஷீட்டுக்கு 40 மி.மீ. உருளை, வேலைச் சுமை 200 கிலோ அல்லது அதற்கு மேல் என்றால் நிம்மதி. ஆப்டிமிஸ்டுக்கு அதைவிடச் சின்னது தாராளம்.

குண்டு எதனால் ஆனது?

1960-களின் கடைசியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பீட்டர் ஹார்க்கன் கப்பிக்குள் பிளாஸ்டிக் குண்டு போட்டார். இலேசானது, துருப்பிடிக்காது, எண்ணெய் வேண்டாம். அந்த எண்ணம்தான் இன்று ஹார்க்கன், ரோன்ஸ்டன், ஆலன், செல்டேன் என்று எல்லா நிறுவனக் கப்பிக்குள்ளும் சுற்றுகிறது.

சின்னப் படகுக் கப்பிகளில் அதிகம் இருப்பது டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்த குண்டு. நம் தேவைக்கு இது போதும். டார்லான் என்ற பிளாஸ்டிக் இன்னும் கெட்டி, சுமை அதிகம் தாங்கும், விலையும் அதற்கேற்ப. பெரிய படகுக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் குண்டு உள்ளவையும் உண்டு. சுமை நன்றாகத் தாங்கும், ஆனால் கழுவ மறந்தால் பிளாஸ்டிக் மன்னிக்கிற அளவுக்கு அது மன்னிக்காது.

லேத்தில் உருளை கடைந்துகொள்ளலாமா? கடைந்துகொள்ளலாம், சாதா அச்சுக் கப்பிக்கு. “நைலானா, டெல்ரினா அண்ணே?” என்று பட்டறையில் கேட்டால் டெல்ரின் என்று சொல்லுங்கள். நைலான் தண்ணீரைக் குடித்து ஊதும். அச்சோடு கச்சிதமாகக் கடைந்த உருளை ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்ளும். நைலான்தான் கிடைத்தது என்றால் துளையைக் கொஞ்சம் தளர விடச் சொல்லுங்கள். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் கரையேறிய விசைப்படகுகளின் வேலை தேங்காய்த்திட்டிலும் கடலூர் முதுநகரிலும் பட்டறைகளை நிரப்பிவிடும். உங்கள் இரண்டு அங்குல உருளைக்கு அப்போது யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள்.

கயிறும் உருளையும்

ஒவ்வொரு கப்பிக்கும் அதிகபட்சக் கயிற்றுத் தடிமன் போட்டிருக்கும். அதைவிட ஒரு மி.மீ. குறைவாகப் போடுவது என் பழக்கம். கயிறு ஈரத்தில் ஊதும், மணல் ஏறினால் இன்னும் தடிக்கும். கன்னத் தகட்டில் உரசத் தொடங்கினால் பேரிங் இருந்தும் பயனில்லை. கைக்கு வசதியாக இருக்கட்டும் என்று 10 மி.மீ. கயிறு வாங்கி, எட்டுக்கான கப்பியில் திணித்து, கப்பி சரியில்லை என்று திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மெயின்ஷீட்டின் கடைசிக் கப்பி, அதாவது உங்கள் கைக்கு வரும் கப்பி, ராட்செட் வகையாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் தாராளமாகச் சுற்றும், மறுபக்கம் பூட்டிக்கொண்டு கயிற்றைக் கவ்வும். கையின் பாரத்தில் பெரும்பகுதியை அது வாங்கிக்கொள்ளும். கயிறு உருளையைக் குறைந்தது கால்வட்டமாவது சுற்றினால்தான் கவ்வும், அரைவட்டம் என்றால் இன்னும் உறுதி. மாட்டியதும் இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது கடகடவென்று சத்தம் வர வேண்டும், விடும்போது கவ்வ வேண்டும். தலைகீழாக மாட்டினால் இழுக்கவே முடியாது.

உலோகத்தில் ஏமாறாமல் இருக்க

கப்பியை மாட்டும் ஷேக்கிள் வளையமும் போல்ட்டும் உள்ளூரில் வாங்கலாம். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, “ஒட்டல பாருங்க, மெரைன் கிரேடு” என்பார். நம்பாதீர்கள். துருப்பிடிக்காத எஃகில் 304 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 316-லும் ஒட்டாது, வாசல் கேட்டும் கைப்பிடியும் செய்கிற 202-லும் பெரிதாக ஒட்டாது. கடலுக்கு வேண்டியது 316. அதில் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும். போல்ட் என்றால் தலையில் ஏ4 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள், அது 316 வகை. ஏ2 என்றால் 304. பொறிப்பே இல்லாத போல்ட்டை வீட்டுக் கதவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

316-உம் சாகாவரம் வாங்கி வரவில்லை. காற்றுப் படாத இடுக்கில், ஈரம் தேங்கும் இடத்தில், அதுவும் அரிக்கும். டேப் சுற்றி மூடிய ஷேக்கிளைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்.

அலுமினியப் பாய்மரத்தில் எஃகுத் திருகு போட்டால் இன்னொரு தொல்லை. இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்தால் அதுதான். திருகுக்கு முன் தடுப்புப் பசை தடவுங்கள். ரிவெட் என்றால் மோனல் ரிவெட் கேட்டு வாங்குங்கள்.

தளத்தில் கப்பியைப் பொருத்தும்போது மரத் திருகு மட்டும் போட்டு முடிக்காதீர்கள். போல்ட் அடிவரை போய், கீழே அகலத் தகடு வைத்து நைலாக் நட் போட வேண்டும். பிளைவுட் என்றால் துளையைப் பெரிதாகப் போட்டு, எப்பாக்சியால் நிரப்பி, காய்ந்த பிறகு அதன் நடுவில் மறுபடி துளையிடுங்கள். தண்ணீர் மரத்தைத் தொடவே தொடாது. என் படகின் பின்பக்கம் அழுகியது இந்த ஒரு மணி நேர வேலையைச் சோம்பலில் விட்டதால்.

கழுவுவது, எந்தத் தண்ணீரில்

நூறு ரூபாய்க் கப்பியும் பத்தாயிரம் ரூபாய்க் கப்பியும் இங்கேதான் சமமாகின்றன. கழுவாவிட்டால் இரண்டும் போகும்.

உப்பு காய்ந்துவிட்டால் ஆபத்தில்லை என்று நினைப்போம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கரையும். புதுச்சேரியில் இரவில் அது சாதாரணம். ஆக, கழுவாத கப்பி கொட்டகையிலேயே ஒவ்வொரு இரவும் கடலுக்குப் போய் வருகிறது. பகலில் காய்ந்து படிகமாகிக் குண்டுகளுக்கு இடையே உட்கார்ந்துகொள்கிறது.

நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்று எல்லா வழிகாட்டியிலும் இருக்கும். நம் கரையோரத்தில் அந்த நல்ல தண்ணீரில்தான் சிக்கல். கடலை ஒட்டிய பல போர்வெல்களில் உப்பு ஏறிவிட்டது. நான் ஒரு வருடம் போர்வெல் தண்ணீரில் விடாமல் கழுவினேன். கன்னத் தகட்டின் உள்பக்கம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படிவு ஏறியதுதான் மிச்சம். கழுவுவதற்கு முன் வாயில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கரித்தால் வேண்டாம். குழாய்க் குடிநீர் அரை வாளி போதும், மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது.

அரை வாளியில் பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து சொட்டு. கப்பியை அதில் முக்கி, உள்ளே வைத்தே உருளையை இரண்டு பக்கமும் முப்பது நாற்பது சுற்று விடுங்கள். வெளியே எடுத்துத் தெளிந்த தண்ணீரை உருளைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஊற்றிக்கொண்டே மறுபடி சுற்றுங்கள். வெளியேறும் தண்ணீரில் மணல் தெரியும். சுண்ணாம்பாற்றுக் கடற்கரையில் படகை இழுத்து ஏற்றிய நாள் என்றால் இதை இரண்டு தடவை செய்யுங்கள். அந்த மணல் மாவு மாதிரி, எங்கும் நுழையும். நிழலில் தொங்கவிட்டுக் காய வையுங்கள்.

கிரீஸ் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஸ்பிரே எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் பட்ட இடத்தில் மணல் ஒட்டிப் பசையாகும், அது குண்டுகளை உப்புத்தாள் போலத் தேய்க்கும். கப்பிக்கென்றே விற்கும் உலர் மசகு இருந்தால் ஒரு கப்பிக்கு ஒரு சொட்டு. இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

பழுப்புக் கறை போக எலுமிச்சை தேய்த்து உடனே அலசலாம். பிளீச்சிங் பவுடர், டைல்ஸ் ஆசிட் பக்கமே போகாதீர்கள், குளோரின் எஃகைத் துளைக்கும். இரும்பு நார் தேய்ப்பானும் வேண்டாம். அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு மறுநாளே துருவாகும். பச்சை ஸ்கிரப்பர் போதும்.

காதால் பார்ப்பது

மாதம் ஒரு முறை ஒவ்வொரு கப்பியையும் காதருகே வைத்துச் சுற்றுங்கள். நல்ல கப்பியில் மெல்லிய சலசலப்பு கேட்கும். நறநறவென்றால் மணல், மறுபடி கழுவ வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்றால் குண்டு தட்டையாகிவிட்டது, கழுவிப் பயனில்லை. உருளையை விரலால் பக்கவாட்டில் அசையுங்கள், கன்னத்தைத் தொடுகிற அளவுக்கு ஆடினால் மாற்ற வேண்டிய நேரம். வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் சாம்பல் பூத்து, நகத்தால் சுரண்டினால் பொடி வந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். ஷேக்கிள் ஆணி ஒவ்வொன்றையும் சின்னக் கம்பியால் கட்டி வையுங்கள், அலை ஆட்ட ஆட்டத் தானாகக் கழன்றுகொள்ளும். கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கேம் கிளீட்டிலும் சில வகைகளில் குண்டுகள் உண்டு, கழுவும்போது அதையும் திறந்து மூடிக் கழுவுங்கள்.

டிராவலர் வண்டி

இதற்குத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. போன வருடம் அக்கா மகன் உதவிக்கு வந்தான். “மாமா, இது இறுகுது, கழட்டிக் கழுவவா?” என்றான். சரி என்று சொல்லிவிட்டு வாளி எடுக்கத் திரும்பினேன். வண்டி ஓடும் தண்டவாளமான டிராக்கின் முனை மூடியைக் கழற்றி வண்டியை உருவிவிட்டான். படபடவென்று வெள்ளைக் குண்டுகள் கொட்டி, தளத்தில் துள்ளி, பாதி மணலில். ஜவ்வரிசி மாதிரி இருக்கும் அவை மணலில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. மாவுச் சல்லடையை வீட்டிலிருந்து கொண்டுவந்து மணலைச் சலித்தோம். இரண்டு மணி நேரத்தில் முப்பத்தொன்று கிடைத்தது. வேண்டியது முப்பத்தாறு. அக்காவிடம் சல்லடைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

சில வண்டிகளில் குண்டுகள் கம்பியால் அடைபட்டிருக்கும், உருவினாலும் விழாது. பலவற்றில் அப்படி இல்லை. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் விழும் வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழே வேட்டியோ போர்வையோ விரித்து, டிராக்கின் அகலத்துக்கு ஒரு மரத்துண்டைச் செதுக்கி முனையோடு ஒட்டிப் பிடித்து, வண்டியை டிராக்கிலிருந்து அந்தத் துண்டின் மேல் தள்ளுங்கள். குண்டுகள் உள்ளேயே இருக்கும். பெரும்பாலும் கழற்றாமலே, டிராக்கின் மேல் தண்ணீர் ஊற்றி முன்னும் பின்னும் ஓட்டினால் வேலை முடிந்துவிடும். குண்டு குறைந்தால் நிறுவனம் சொல்லும் அதே அளவு, அதே பொருளில் வாங்கி முழுத் தொகுதியையும் மாற்றுங்கள். பழையது தேய்ந்திருக்கும், புதியது பெரிதாக நின்று சுமையெல்லாம் அதன் மேலேயே விழும்.

ஐப்பசிக்கு முன்

2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல். இரண்டும் கரையேறியது நம் பக்கத்தில்தான். அக்டோபர் நடுவிலேயே கப்பிகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறேன். கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒவ்வொரு கயிறும் எந்த வழி போகிறது என்று படம். கழுவி, இரண்டு நாள் நிழலில் காய வைத்து, துணிப் பையில் போட்டு வீட்டு அலமாரியில். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வேர்க்கும்.

படகில் எப்போதும் ஒரு சின்ன டப்பா இருக்கிறது: 40 மி.மீ. கப்பி ஒன்று, ஷேக்கிள் இரண்டு, வளையப் பின் ஆறு, கட்டுக்கம்பி ஒரு முழம், மூன்று மீட்டர் டைனீமா கயிறு. கப்பி உடைந்த நாளில் அந்தக் கயிற்றை ஒரு வளையமாகக் கட்டி, ஷீட்டை அதன் வழியே விட்டு, மூன்று மணி நேரம் வந்து கரை சேர்ந்திருக்கிறேன். வளையத்தில் உராய்வு அதிகம்தான். ஷீட்டை விட வேண்டிய ஒவ்வொரு முறையும் கையால் தள்ளிவிட வேண்டியிருந்தது.